அலோசியஸ் ஐயாவின் ஹரிக்கேன்

ஹட்டனுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கர் அலோசியஸைப் பிடிக்காதவர்கள் உண்டு. அவர் போட்ட தூளைக் குறை சொன்னவர்கள் கிடையாது. மனிதர் அத்தனை பிடிவாதக்காரர். அரைத்துப் பரப்பிய கொழுந்தில் கையை விட்டு, மூக்கருகே கொண்டுபோய், "இன்னும் ஆகல" என்று சொல்லிவிட்டாரானால் தொரையே வந்து நின்றாலும் அது அடுப்புக்குப் போகாது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட புதிதில், முன்பு வேலை பார்த்த இடத்தில், கழிவுத் தூளை நல்ல தூளோடு கலந்து பெட்டியில் அடைக்கச் சொன்னார்கள். இல்லாததை இருக்கிறது என்று பெட்டிமேல் தன் கையால் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமே மாற்றல். சாமான் கட்டிய மனைவி பவுலின், ஊரெல்லாம் எலும்போடு பிறக்க இந்த மனுசன் மட்டும் இரும்போடு பிறந்துவிட்டார் என்று முணுமுணுத்துக்கொண்டே லொறி ஏறினாள்.

இந்த இரும்பு மனிதருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. விமானம். இரண்டாம் உலக யுத்த காலத்தில், அவர் சிறு பையனாக மலை உச்சியில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தபோது, கீழே பள்ளத்தாக்கில் ஒரு போர் விமானம் வளைந்து போயிற்று. சமவெளிக்காரர்கள் விமானத்தின் வயிற்றைத்தான் பார்த்திருப்பார்கள். அவர் அதன் முதுகைப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்தவனின் தலையைக்கூடப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது, ஐம்பது வயதாகியும் விடவில்லை.

எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு லண்டன் போய்விட்ட தம்பி சூசைரட்ணம், எண்பத்து நான்கில் லீவுக்கு வந்தபோது அண்ணனுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தான். டீவியோடு பொருத்த வேண்டும். செய்து முடித்ததைப் பாட்டுக் கெசட்டில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். கூடவே வந்த பத்திரிகை ஒன்றில் ஹரிக்கேன் என்ற பழைய போர் விமானத்தை ஓட்டும் விளையாட்டு, கம்ப்யூட்டருக்கான கட்டளைகளாக வரி வரியாக அச்சிடப்பட்டிருந்தது. அலோசியஸ் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அதை ஏற்றினார். திரையில் ஒரு அடிவானக் கோடும் நான்கைந்து முட்களும் தெரிந்தன. விமானம் பறந்தது. அவருக்குக் கோபம்தான் வந்தது.

எப்படித் திருப்பினாலும் திரும்பியது, எப்படி ஏற்றினாலும் ஏறியது. "ஹட்டன் பஸ்ஸாவது மேட்டுல மூச்சு வாங்கும், இது அதுகூட வாங்க மாட்டேங்குதே" என்று பவுலினிடம் குறைப்பட்டுக்கொண்டார். விளையாட்டு எழுதியவன் ஹரிக்கேனைக் கண்ணால்கூடப் பார்க்காதவன் என்பது அவருடைய தீர்ப்பு. அதை உண்மையான விமானமாக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று இறங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் முடியும். மற்ற நாட்களில் ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் ஓடத் தொடங்கினால் கரண்ட் இறங்கி, தட்டி வைத்ததெல்லாம் போய்விடும். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கோட்டைக் கழற்றாமலே டீவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். வேகம் குறைந்தால் இறக்கை கைவிட்டுவிட வேண்டும், அதைச் செய்தார். ஓடி எழும்பும்போது இடது பக்கம் இழுக்க வேண்டும், அதையும் செய்தார். தெரியாததைத் தம்பிக்கு எழுதிக் கேட்டார். தம்பி பழைய விமானப் புத்தகங்களைத் தேடிப் பதில் அனுப்பினான்.

ஃபெக்டரி வாச்சர் பழனியாண்டி ஞாயிறுகளில் சாவி கொடுக்க வருவார். வயது அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. ஆயுத பூசையன்று ஃபெக்டரியே அமர்க்களப்படும். ரோலருக்கெல்லாம் சந்தனப் பொட்டு, லொறிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், வேதக்காரரான அலோசியஸ்தான் டீமேக்கர் என்ற முறையில் பூசணிக்காய் உடைக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் பழனியாண்டி எங்கேயோ போய்விடுவார். முருக பக்தர், நெற்றியில் திருநீறு அழியாதவர், ஆயுத பூசைக்கு மட்டும் ஏன் ஓடுகிறார் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிறு, டீவி பக்கத்தில் விரித்துக் கிடந்த பத்திரிகையின் விமானப் படத்தைக் கண்டதும், சாவியை நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

"இது ஹரிக்கேனுங்களா?" என்று கேட்டார் பழனியாண்டி.

அலோசியஸ் நாற்காலியோடு திரும்பினார். விசாரித்ததில், யுத்த காலத்தில் தோட்டத்திலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனபோது, கொழும்புப் பக்கம் ஒரு விமானத் திடலில் பழனியாண்டி கூலியாக இருந்திருக்கிறார் என்பது தெரிந்தது. மண் சமன்படுத்துவது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, சேறு துடைப்பது, அவ்வளவுதான். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. முடுக்கிப் பார்க்கும்போது வால் தூக்கிவிடாமல் இரண்டு பேரை அதன்மேல் படுக்க வைப்பார்கள் என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் படுத்தவர்களில் அவரும் ஒருவர். அலோசியஸுக்குத் தலைகால் புரியவில்லை. பவுலினிடம் டீ போடச் சொல்லி, உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். அதன் பிறகு ஞாயிறுதோறும் பழனியாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது வழக்கமாயிற்று.

அடுத்த வருடம் தம்பியிடமிருந்து புதுச் செய்தி ஒன்று வந்தது. அந்தக் காலத்து ஹரிக்கேனில், மூக்கை வெடுக்கென்று கீழே இறக்கினால் பெற்றோல் மேலே எழும்பிவிடுமாம். எஞ்சினுக்கு மூச்சடைத்துவிடும். மூக்கை நிமிர்த்தினால் சற்று நேரத்தில் திரும்பி வரும். அலோசியஸ் துள்ளிக் குதித்தார். இரண்டு ஞாயிறு உட்கார்ந்து அதையும் சேர்த்தார். பிறகு பழனியாண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விமானத்தை மேலே கொண்டுபோய், மூக்கை அமுக்கினார். எஞ்சின் முள் படுத்தது. டீவியின் இரைச்சல் நின்றது.

பெருமையோடு திரும்பினால், பழனியாண்டி நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"தானா நின்னுபோகுமுங்களா?" என்று கேட்டார். "யாரும் ஒண்ணும் செய்யாமலே?"

நாற்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னார். திடலில் ஒரு வெள்ளைக்காரப் பையன் இருந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காதவன். கூலிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவன்தான். பழனி, பழனி என்பான். ஆயுத பூசை வந்தது. திடலில் இருந்த தோட்டத்து ஆட்கள் மண்வெட்டிக்கும் லொறிக்கும் பூசை போட்டார்கள். பழனியாண்டி, அந்தப் பையனின் விமானச் சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். காவலுக்கு நின்ற சோல்ஜர் சிரித்துக்கொண்டே அதை எத்திவிட்டான். பூசை பாதியில் நின்றால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து, சேறு துடைக்க ஏறின சாக்கில் பழத்தை எடுத்துப்போய் ஆசனத்துக்கு அடியில் போட்டுவிட்டார். அன்று மாலையே அந்த விமானம் திடலுக்கு மேலே வந்து மூக்கை இறக்கியது. இறக்கிய மூக்கு நிமிரவில்லை. மறுநாள் கூலிகூட வாங்காமல் மலைக்கு ஓடி வந்துவிட்டார்.

"பழம் உருண்டு போயி கால் மிதிக்கிற கட்டைக்குக் கீழ மாட்டியிருக்குமுங்க. அந்தப் புள்ளையால மிதிக்க முடியாமப் போயிருக்கும். நாந்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்." திரையைக் கை காட்டினார். "ஐயா, நீங்க பழம் இல்லாம ஓட்டிப் பாருங்க. பழம் இல்லாமலே விழுகுதான்னு எனக்குத் தெரியணும்."

எவ்வளவு உயரத்தில் மூக்கை இறக்கியது என்று அலோசியஸ் கேட்டார். நம்ம ஃபெக்டரியை ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு என்றார் பழனியாண்டி. அடுத்த ஞாயிறு காட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

பழனியாண்டி போனதும் அலோசியஸ் ஓட்டிப் பார்த்தார். அதே உயரம், அதே இறக்கம். எஞ்சின் நின்றது. மூக்கை நிமிர்த்தினார். எஞ்சின் இருமிவிட்டுத் திரும்பி வந்தது. விமானம் புல்லை உரசுகிற மாதிரி போய் மேலே ஏறிவிட்டது. மறுபடி ஓட்டினார். மறுபடி தப்பித்தது. அந்த வாரம் முழுக்க, ரோலர் நின்ற நேரமெல்லாம் உட்கார்ந்தார். வேகத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். பத்துக்கு ஒன்பது தடவை தப்பித்தது. அத்தனை ஒழுங்காக அவர் அந்த விமானத்தைச் செய்து வைத்திருந்தார்.

எலுமிச்சம்பழம்தான் காரணம் என்று இதற்கு அர்த்தமில்லை. பையனுக்கு மயக்கம் வந்திருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், பயத்தில் கை ஓடாமல் போயிருக்கலாம். அலோசியஸுக்கு அது புரிந்தது. ஆனால் இந்த விமானம் தப்பிப்பதைப் பழனியாண்டி பார்த்தால் அவருக்கு ஒன்றே ஒன்றுதான் புரியும். காட்ட முடியாது என்று சொன்னாலும் அதேதான் புரியும். சனிக்கிழமை அலோசியஸ் சோற்றை ஒதுக்கிவிட்டார். என்னவென்று பவுலின் கேட்டாள். ஒரு எண்தான் என்றார்.

ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. பவுலின் கோயிலுக்குப் போன பிறகு கம்ப்யூட்டரைப் போட்டு, எஞ்சின் எவ்வளவு நேரத்தில் திரும்பி வரும் என்ற வரியைத் தேடி எடுத்தார். அங்கிருந்த எண்ணை மாற்றினார். கழிவுத் தூளைக் கலக்க மாட்டேன் என்று பெட்டி கட்டிக்கொண்டு வந்த மனிதர் அவர். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் மாற்றினார்.

பழனியாண்டி குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கோயிலுக்கு வருவதுபோல வந்தார். விமானம் அந்த உயரத்தில் மூக்கை இறக்கியது. எஞ்சின் நின்றது. அலோசியஸ் நிமிர்த்தினார். எஞ்சின் வரவில்லை. அடிவானக் கோடு மேலே போயிற்று, திரை வெளுத்தது. இன்னொரு தடவை என்றார் பழனியாண்டி. அதுவும் விழுந்தது.

"இது நெசமான ஹரிக்கேன் மாதிரியே தானுங்களா, ஐயா?"

"அச்சு அசல் அப்படியேதான்" என்றார் அலோசியஸ்.

பழனியாண்டி துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பாரம் விடுபட்ட அழுகையாக இருக்கும் என்றுதான் அலோசியஸ் முதலில் எண்ணினார். அழுகைக்கு நடுவே கிழவர் சொன்னார்: "அப்ப அந்தப் புள்ள எவ்வளவு பயந்திருக்குமுங்க. எஞ்சின் நின்னது தெரிஞ்சிருக்குமே." இத்தனை வருடமும் தன் குற்றமே மனதை அடைத்துக்கொண்டு நின்றதில், செத்தவனுக்காக அழக்கூட அவருக்கு இடமில்லாமல் இருந்திருக்கிறது.

அந்த வருடம் ஆயுத பூசைக்குப் பழனியாண்டி ஓடவில்லை. பெரிய ரோலருக்கு முன்னால் தன் கையால் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்தார். ஃபெக்டரியே வேடிக்கை பார்த்தது. பூசணிக்காயை உடைத்த அலோசியஸ் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த எண்ணை அவர் பிறகு திருத்தவில்லை. திருத்த முடியாது. மாதத்துக்கு ஒரு தடவையாவது பழனியாண்டி வந்து, கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க என்பார். அவருக்கு அது கல்லறைக்குப் போய் வருகிற மாதிரி.

எண்பத்தெட்டில் சூசைரட்ணம் மறுபடி லீவுக்கு வந்தான். அண்ணனின் விமானத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான். இடது பக்க இழுப்பு, திருப்பத்தில் குறையும் வேகம், எல்லாம் அப்படியே இருக்கிறது, லண்டனில் பத்திரிகைக்குக் கொடுக்கலாம் என்றான். அலோசியஸின் முகம் மலர்ந்தது. அவர் வாழ்நாளில் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. தம்பி மூக்கை இறக்கினான். விமானம் விழுந்தது.

"அண்ணே, இது பிழையா இருக்கே. எஞ்சின் இவ்வளவு நேரம் நிக்காது. நான் சரியாத்தானே எழுதி அனுப்பினேன்?"

சாவி கொடுக்க வந்த பழனியாண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"பிழை இல்ல. அது அப்படித்தான்" என்றார் அலோசியஸ்.

தம்பி விடவில்லை. இந்த ஒரு வரியைத் திருத்தாமல் கொடுத்தால் பார்க்கிறவன் சிரிப்பான், மற்றதும் வீணாகும் என்றான். அப்படியானால் கொடுக்க வேண்டாம் என்றார் அண்ணன்.

பழனியாண்டி ஒரு எட்டு உள்ளே வந்தார். தோட்டத்தில் யாரோடும் எதிர்த்துப் பேசி அறியாதவர், லண்டன் ஐயாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"அப்படிச் சொல்லாதீங்க, ஐயா. உங்க அண்ணன் தூளுல ஒரு சிட்டிகை பொய் கலக்காதவரு. அதுக்காகவே மாத்தல் வாங்கிட்டு வந்தவரு. அவரு போட்டா சரியாத்தான் இருக்கும்."

சூசைரட்ணம் அண்ணனைப் பார்த்தான். அலோசியஸ் கிழவரின் கையிலிருந்து சாவியை வாங்கி ஆணியில் மாட்டினார்.