ஆறு தீப்பெட்டியும் ஒரு காதுகுத்தும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் யாழினி பெட்டி கேட்டு மதுரை விளாங்குடியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். அயர்லாந்தில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, செப்டம்பரில் கிளம்புகிறாள். அக்காவும் கூட வந்திருந்தாள். பரணில் கிடந்த என் பழைய நீலப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி ஜிப்பைத் திறந்தேன். குப்பென்று பெருங்காய வாசம். "மாமா, உள்ள என்னத்த வச்சு மறந்தீக?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் எதையும் மறக்கவில்லை. அதுதான் அன்றைக்குப் பிரச்சினையே.

அப்புறம் தன் செல்போனை நீட்டினாள். பீஸ், வாடகை, இன்சூரன்ஸ், மழைக்கோட்டு, பல் வலி வந்தால் இவ்வளவு என்று நாற்பது அயிட்டம் வரிசையாகப் போட்டிருந்தாள். "நீங்கதான் பாரின்ல படிச்சவுக, சரியா இருக்கான்னு பாருங்க" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. என் பட்ஜெட்டைப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

என்னுடையது நாற்பது பக்க நோட்டு. அப்போது நான் அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். மத்தியான நேரத்தில் கரண்ட் போகும்போதெல்லாம் இரும்புத்தூள் அப்பிய கையோடு உட்கார்ந்து எழுதுவேன். சோப்பு பன்னிரண்டு. தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர். ஷாம்பு பாக்கெட் நூறு. முடி வெட்ட: செலவு இல்லை, நானே வெட்டிக்கொள்வேன். அங்கே தீப்பெட்டி என்ன விலையோ என்று ஆறு தீப்பெட்டி. பஸ்ஸுக்கு, பெரியார் நிலையத்திலிருந்து விளாங்குடிக்கு டவுன் பஸ்ஸில் என்ன டிக்கெட்டோ அதைப் பெருந்தன்மையாக ஐந்தால் பெருக்கிப் போட்டிருந்தேன். கூட்டிப் பார்த்தால் மாதம் கொஞ்சம் மிச்சம் வேறு வந்தது. அந்த மிச்சத்தில் அப்பாவுக்கு ஒரு வாட்ச் வாங்குவதாகவும் எழுதியிருந்தேன். எம்புட்டு அறிவு பாருங்கள்.

முதல் நஷ்டம் சென்னை விமான நிலையத்திலேயே வந்துவிட்டது. தீப்பெட்டியைப் பெட்டியில் வைக்கக் கூடாதாம். பெட்டியைக் கிளறி ஆறையும் எடுத்துக்கொண்டார்கள். கிளறினதில் பெருங்காய டப்பாவின் மூடி கழன்று சட்டை, ஜட்டி, சர்டிபிகேட் எல்லாவற்றிலும் கொட்டிவிட்டது. இங்கிலாந்தில் வடக்கே ஒரு ஊர். அங்கே போய் இறங்கி அறையைத் திறந்தால் அடுப்பு கரண்ட் அடுப்பு. தீப்பெட்டிக்கு வேலையே இல்லை. முதல் நாள் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பையன் சும்மா எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தான். குளிருக்காக ஜன்னலோரத்திலிருந்து நகர்கிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

பஸ் டிக்கெட்டைக் கேட்டதும் இறங்கியவன்தான், அந்த வருஷம் முழுக்க நடை. எதைப் பார்த்தாலும் ரூபாயில் பெருக்குகிற வியாதி வேறு. ஒரு டீ விலைக்கு ஊரில் அரைக் கிலோ கறி எடுக்கலாமே என்று கணக்குப் போட்டே டீ குடிக்காமல் இருந்தேன். கறியும் சாப்பிடவில்லை என்பது தனி விஷயம்.

ஒரே ஒரு செலவை மட்டும் நான் சரியாகப் போட்டிருந்தேன்: பீஸ். அது இரண்டு தவணை. இரண்டாம் தவணையை ஜனவரி கடைசிக்குள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அந்தப் பணம் அப்பா அலங்காநல்லூரில் இருந்த நிலத்தில் பாதியை விற்றுத் தந்தது. பட்டினி கிடந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன்.

பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் சித்தப்பா மகன் பாண்டி போன் செய்தான். யாழினிக்குக் காதுகுத்து, தை பிறந்ததும் குலசாமி கோயிலில். நான் ஒரே தாய்மாமன். பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும், மாமன் சீரோடுதான் வர வேண்டும். ஷாம்பு பாக்கெட்டை எண்ணி வைத்த எனக்கு அந்த நோட்டில் மருமகள் காதுகுத்துக்கு ஒரு இடம் போடத் தோன்றவில்லை. அக்கா போனை வாங்கி, நீ ஒண்ணும் செய்ய வேணாம், பேருக்கு அப்பா ஒரு தட்டுத் தூக்கிட்டு வந்தாப் போதும் என்று தெளிவாகச் சொன்னாள். அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஆனால் பாண்டி அதற்குள் பிளக்ஸ் அடித்து அவனியாபுரம் முக்கில் கட்டிவிட்டான். கோட்டுப் போட்ட என் படம், கீழே 'லண்டன் தாய்மாமன் சீர்வரிசை' என்று. கோட்டு என்னுடையது இல்லை, போட்டோக்காரர் ஒட்டியது. லண்டன் எனக்கு ஐந்து மணி நேரத் தொலைவு, நான் பார்த்ததுகூட இல்லை. "அண்ணே, ஊரே பாத்துருச்சு, இனி ஒத்தத் தட்டோட போனா நல்லாருக்குமா?" என்றான் பாண்டி.

நல்லாருக்காதுதான். வறட்டு கவுரவம் யாரை விட்டது? சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பணத்தை எடுத்து ஊருக்கு அனுப்பினேன். இரண்டு பவுனில் சங்கிலி, அரைப் பவுனில் தோடு, இருபத்தோரு தட்டு, மேளம், வெடி. நான் இருக்க வேண்டிய இடத்தில் பாண்டி உட்கார்ந்து மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டான். நான் கைச்செலவுக்காக ஒரு ஓட்டலின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். பிள்ளை வீறிட்டு அழுதது மட்டும் கேட்டது. நானும் சோப்புக் கையோடு கொஞ்சம் அழுதேன். பிள்ளைக்கு வலிக்கிறதே என்று அழுததாகத்தான் இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் பீஸை நினைத்து அழுதேன்.

அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. இன்னும் பன்னிரண்டு நாள். கட்டாவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். திரும்பினால் அந்தப் பிளக்ஸுக்குக் கீழேதான் பஸ் இறங்க வேண்டும். அக்கா போன் செய்யும்போதெல்லாம் பீஸ் கட்டியாச்சு என்றேன். சாப்பிட்டியா என்றாள், பொடிச் சோறு என்றேன். மூன்று நாளும் பொடிச் சோறு என்றதும் அக்கா பட்டென்று போனை வைத்துவிட்டாள். நான்காம் நாள் என் கணக்கில் பணம் வந்து கிடந்தது. பதறிப்போய்ப் போன் செய்தேன்.

"சபையில வச்சாச்சு, போட்டோ எடுத்தாச்சு, ஊரும் பாத்தாச்சு. இனி அது எம் பொருளுடா, நான் என்னமும் செய்வேன். போயி பீஸக் கட்டு" என்றாள்.

சங்கிலியும் தோடும் நகைக்கடையில் விலைக்குப் போய்விட்டிருந்தன. கூட மொய்ப்பணத்தையும் கொஞ்சம் சேர்த்திருந்தாள். பிள்ளை காதில் வேப்பங்குச்சியைச் செருகிவிட்டாள், புண் ஆறட்டும் என்று ஊருக்குச் சொல்லிவிட்டாள். நான் பெரிய புத்திசாலி, பணத்தை இங்கிலாந்திலிருந்து மதுரைக்கு அனுப்பி, மதுரையிலிருந்து இங்கிலாந்துக்கு வரவழைத்து, போக ஒரு கமிஷன் வர ஒரு கமிஷன் அழுதிருக்கிறேன்.

படித்து முடித்து வந்தேன். வேலை, கல்யாணம், வீட்டுக் கடன். ஒவ்வொரு தைக்கும், அடுத்த தைக்கு அந்த நகையை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பேன். தங்கம் எனக்காகக் காத்திருக்கவில்லை. அன்றைக்கு ஒரு பவுன் எடுத்த காசுக்கு இன்றைக்கு ஒரு கிராம் வராது. அக்கா ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் வெட்கமில்லாமல் இருந்துவிட்டேன்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே யாழினியின் போனில் பட்டியலைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கடைசியில், நாற்பதாவதாக, இப்படி இருந்தது: 'மாமா சீர் நகை, லாக்கரில். ரொம்ப அவசரம்னா அடகு மட்டும். விக்கவே கூடாது.'

"எத்தன பவுன் மாமா அது? அம்மாட்டக் கேட்டா, ஒங்க மாமாவக் கேளுங்குது" என்றாள்.

அக்காவைப் பார்த்தேன். அவள் பெட்டியின் சக்கரம் உருளுகிறதா என்று மும்முரமாக உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டரை" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, நகைக்கடைகள் வரிசையாக இருக்கும் தெற்காவணி மூல வீதிக்குப் போனேன். பழைய கார் ஒன்று வாங்கச் சேர்த்து வைத்த காசு அப்படியே போயிற்று. அவனியாபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போய், யாழினி குளிக்கப் போன நேரம் பார்த்து, அக்கா கையில் டப்பாவைக் கொடுத்தேன். திறந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"பதினேழு வருசமா லாக்கருக்குள்ள கெடந்தது மாதிரியா இருக்கு? இம்புட்டுப் பளபளன்னு எடுத்துருக்க, பிள்ளைக்குச் சந்தேகம் வராதா?" என்றாள்.

பாண்டி அடித்த பிளக்ஸ் ரொம்ப நாள் அக்கா வீட்டுத் தண்ணி மோட்டாரை மூடிக் கிடந்தது, வெயிலில் என் முகம் வெளுத்து, பிறகு கோட்டும் கிழிந்து போயிற்று. லேத் பட்டறை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. நோட்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. பெட்டியை யாழினி கழுவிக் காய வைத்துவிட்டாளாம், பெருங்காய வாசமும் போய்விட்டது. திங்கட்கிழமை அக்கா நகையை லாக்கரில் வைத்துவிட்டு வந்ததாகப் போன் செய்தாள். பதினேழு வருஷமாக என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரு பொய் இருந்தது, அதுவும் அன்றோடு இல்லாமல் போயிற்று.