மூன்றாம் பெஞ்சின் காவல்காரர்

எல்வுட் கேஸ்கின்ஸ் என்ற பெயரை வெர்னெல் முதலில் கேட்டது சர்ச்சின் கீழ்த்தளத்து அடுக்களையில், மீன் பொரியும் சத்தத்துக்கு நடுவே. வெள்ளிக்கிழமை தோறும் மீன் விற்றுத்தான் ஆற்றுக்கு அக்கரையில் புதுச் சபைக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். சோளமாவில் பிரட்டிய மீனை எண்ணெயில் இறக்கியபடியே கிளியோட்டா அத்தை பேச்சை எடுத்தாள். கேஸ்கின்ஸ் வீட்டில் ஒரு பையன் இருக்கிறானாம், போலீஸ் வேலையாம், இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம்.

எந்த கேஸ்கின்ஸ் என்று வெர்னெலின் அம்மா ஒடெஸா கேட்டாள். வாஷிங்டனில் எங்கள் கறுப்பினச் சனத்துக்கு நடுவே யார் பெயர் வந்தாலும் முதல் கேள்வி அதுதான். வட கரோலினா, வாரன்டன் பக்கத்துக் கேஸ்கின்ஸ். ரயிலில் சமையல்காரராக இருந்த பெரிய எல்வுட்டின் கடைசிப் பிள்ளை. தாய் பெத்திஃபர்ட் வீட்டுப் பெண், பிடிவாதத்துக்குப் பேர்போன குடும்பம். அத்தை வேர் வரைக்கும் தோண்டிக் காட்டிவிட்டாள்.

"எந்த ஸ்டேஷன்ல இருக்கான்?"

"ஸ்டேஷன் இல்ல ஒடெஸா. மியூசியத்துல. அவங்களுக்குன்னு தனிப் போலீசு."

"அங்க எதுக்குடி போலீசு? பழைய ரயில் எஞ்சினு எந்திரிச்சு ஓடிப்போயிருமா?"

அடுக்களையே சிரித்தது. வெர்னெலும் சிரித்தாள். அன்றைக்கு அந்தப் பெயர் அவள் காதோடு நின்றுவிட்டது.

ஒடெஸாவுக்கு அந்த மியூசியத்தின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆற்றுக்கு இக்கரையில், தென்மேற்கு வட்டாரத்தில், அவர்களுடைய பழைய சர்ச் இருந்தது. அரசாங்கம் அந்த வட்டாரத்தையே இடித்துத் தள்ளியபோது சர்ச்சும் போனது. இடிக்கும் முன்னால் மியூசியத்து ஆட்கள் வந்து ஒரே ஒரு பெஞ்சை மட்டும் தூக்கிப்போனார்கள். வலப்பக்கத்து மூன்றாம் பெஞ்சு. அந்தச் சர்ச்சில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெஞ்சு. பெயர் எழுதியிருக்காது, ஆனால் மாறி உட்கார யாருக்கும் துணிச்சல் வராது. மூன்றாம் பெஞ்சு டாலிவர் குடும்பத்தினுடையது. ஒடெஸாவின் புருஷன் ஆமோஸ் டாலிவர் அதற்குத் தன் கையாலேயே மர ஆப்பு அடித்துக் கொடுத்திருந்தார். அக்கரைக்குக் குடிபோன மறுவருஷமே அவர் போய்ச் சேர்ந்தார்.

சபையில் ஒருவர் தவறினால் அவர் உட்கார்ந்த இடத்தில் வெள்ளைத் துணி விரிப்பார்கள். நினைவு நாளிலும் விரிப்பது உண்டு. புதுச் சபையில் மடக்கு நாற்காலிகள்தான். அதில் விரிக்க ஒடெஸாவுக்கு மனசு வரவில்லை. "தகர நாற்காலியில விரிச்சா, அவருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்பாள்.

அப்படி இருக்கும்போது அந்தப் பெஞ்சு மியூசியத்தில் பார்வைக்கு வந்திருப்பதாகச் சேதி வந்தது. ஆமோஸின் நினைவு நாளன்று ஒடெஸா தன் சர்ச் சீருடையைப் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று சனங்களை இடம் காட்டி உட்காரவைக்கும் பெண்களுக்கான வெள்ளை உடுப்பு, கைகளில் வெள்ளைக் கையுறை. இஸ்திரி போட்ட துணியை மடித்து எடுத்துக்கொண்டு மகளோடு கிளம்பினாள். வெர்னெல் கீழே கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வருவதற்குள் அம்மா மேலே போய்விட்டாள்.

அந்த வெள்ளைக் கையுறைதான் அவளை உள்ளே கொண்டுபோய் விட்டது. மியூசியத்திலும் பழம்பொருளைத் தொடுகிறவர்கள் கையுறை போட்டுத்தான் தொடுவார்கள். இந்தம்மாவும் அங்கே வேலை பார்க்கிறவள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அவள் சாவகாசமாகக் கயிற்றை அவிழ்த்து, தன் இடத்தில் உட்கார்ந்து, ஓரத்து இடத்தில் துணியை விரித்து, பாடத் தொடங்கிவிட்டாள். அவள் வரையில் அது அவளுடைய பெஞ்சு. அதில் தப்பு எங்கே இருக்கிறது?

யாரோ ஒரு பார்வையாளர் பதறி ஓடி, தெருவில் நின்ற நகரத்துப் போலீஸ்காரரைக் கூட்டிவந்துவிட்டார். வெர்னெல் படியேறி வந்தபோது அந்தப் போலீஸ்காரர் அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அம்மா மறு கையால் பெஞ்சின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தாள். அம்மாவுக்கு அரசாங்க அலுவலகத்து கேன்டீனில் சமையல் வேலை. போலீஸ் வண்டியில் ஏறினால் அந்த வேலை போகும். வேலை போனால் வீடும் போகும்.

அப்போதுதான் கறுப்புத் தொப்பி வைத்த நெட்டையன் ஒருவன் வந்தான். சட்டையில் கேஸ்கின்ஸ் என்று எழுதியிருந்தது.

"கையை எடுங்க சார்."

"நீ யாருப்பா? பொம்மைக்குக் காவலா?"

"இந்த வாசப்படிக்குள்ள நான்தான் போலீசு. நீங்க இழுத்தா கைப்பிடி கழண்டுரும். ஆப்பு ஆடிக்கிட்டிருக்கு."

"பெஞ்சுக் கைக்குத்தான் கவலையா? என் கை கழண்டா பரவாயில்லையா?" என்றாள் ஒடெஸா.

"ரெண்டுக்கும் சேத்துத்தாம்மா சொல்றேன்."

நகரத்துக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் பேச்சு செல்லாது. மீன் பொரிக்கையில் அம்மா கேட்ட கேள்விக்கு வெர்னெலுக்கு அங்கே பதில் கிடைத்தது. தெருப் போலீசுக்கு ஆளைப் பிடித்தால் வேலை முடிந்தது. இவனோ ஆளைப் பிடித்த பிறகும் பொருளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் இவனுக்கு இழுக்க வராது.

எல்வுட் விரித்திருந்த துணியைப் பார்த்தான். கரோலினாச் சபையில் வளர்ந்த பிள்ளைக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. தொப்பியைக் கழற்றினான்.

"யாரும்மா தவறினது?"

"எங்க வீட்டுக்காரர்."

"பாட்டு முடிஞ்சிருச்சா?"

"இன்னும் ஒரு சரணம் இருக்கு."

மியூசியத்து அதிகாரி கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அந்தச் சரணம் முடியும்வரை அவன் அசையவில்லை. முடிந்ததும் ஒடெஸா தானாக எழுந்து துணியை மடித்தாள். பெஞ்சுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நகரத்துப் போலீசிடம் ஒப்படைப்பதா விடுவதா என்பது இனி மியூசியத்தார் பாடு; அவர்கள் ஒப்படைக்கவில்லை. ஆனால் கயிற்றைத் தாண்டியவருக்கு ஒரு வருஷம் உள்ளே வரத் தடை என்று விதி இருந்தது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லித்தான் அனுப்பினான்.

"பெத்திஃபர்ட் புத்தி," என்று ஒடெஸா பொருமினாள். அந்தப் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றாள். எடுத்தது முழுக்க அவளேதான்.

அடுத்த நினைவு நாளில் தடை தீர்ந்து இருவரும் போனார்கள். எல்வுட் காத்துக்கொண்டிருந்தான். கயிற்றுக்கு இந்தப் பக்கம், ஆமோஸின் இடத்துக்கு நேர் வரிசையில், ஒரு மரநாற்காலி போட்டிருந்தது. மேலதிகாரிகளைக் கெஞ்சி வாங்கிய அனுமதி அது என்று பிற்பாடு தெரிந்தது.

"உள்ள விட முடியாதும்மா. ஆனா வரிசை அதேதான்."

ஒடெஸா நாற்காலியையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடி நேராக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள். பிறகு துணியை விரித்தாள். திரும்பும் வழியில் மகளிடம், "அந்தப் பையன வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட வரச் சொல்லு," என்றாள்.

வந்தான். வந்தவன் போகவில்லை. புதுச் சபைக்குக் கூரை ஏறிய வருஷம் அங்கேயே அவர்கள் கல்யாணம் நடந்தது. ஒடெஸா இருந்தவரை ஆண்டுதோறும் அந்த நாற்காலி போடப்பட்டது. அவள் போன பிறகு இரண்டு நாற்காலி. பிறகு பெஞ்சை நகருக்கு வெளியே சூட்லேண்டில் இருக்கும் மியூசியத்துக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். எல்வுட்டும் ஓய்வு பெற்றார். சீருடை வாசனையும் மீன் வாசனையும் கலந்த அந்த வெள்ளிக்கிழமைகளை வெர்னெல் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி ஓய்வதில்லை.

எல்வுட் கேஸ்கின்ஸ் இப்போது அதே சூட்லேண்டில் மூத்த மகள் வீட்டில், வெர்னெலோடு இருக்கிறார்.