என் வீட்டுக்காரர் காதுக்கு எட்டாத சவுண்ட்பார்

என் வீட்டுக்காரர் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறார். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. டிவியில் காமெடி ஓடினால், நாங்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் சிரிப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் யூடியூப் விமர்சகர்களை நம்பி சவுண்ட்பார் வாங்கினேன். வசனம் காதுக்குள் வந்து பேசும் என்று எல்லோருமே அடித்துச் சொன்னார்கள்.

மாட்டியதும் அலமாரியில் எவர்சில்வர் தட்டெல்லாம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு வசனமும் புரியவில்லை.

ஆத்திரத்தில் அந்த விமர்சகர்களில் ஒருவரின் வீடியோவுக்குக் கீழே, "காது மந்தமானவங்களுக்கு இது உதவாதுன்னு ஏன் சொல்லல?" என்று எழுதினேன்.

"இதவிடப் பெரிய மாடல் வாங்குங்க, லிங்க் கீழே இருக்கு" என்று பதில் வந்தது.

ஃபோனைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் டிவியை அணைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துச் சிரித்தார்.

"ஏட்டி, நீ ஏசுதது ஒண்ணு விடாம புரியுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தறிக்கூடத்துச் சத்தத்தில் அங்கே வேலை செய்பவர்கள் உதட்டசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள்.

இப்போது அவருக்கு எதிரே உட்கார்ந்து வசனத்தை வாயசைத்துச் சொல்கிறேன். எங்களோடு சேர்ந்தே சிரிக்கிறார். ஆனாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று, அவரைக் கேட்காமல் அந்த விளம்பரக்காரர்களிடம் போய்க் கேட்டேனே, அதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.