கவட்டைக் கிண்ணம்

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். பாதிக் காலம் லேத்தில் இரும்பு கடைகிற டர்னர், மீதிக் காலம் இன்ஸ்பெக்‌ஷன். இரும்பு வார்ப்பில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை தெரிந்தாலும் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். அது திரும்ப உருக்கப் போய்விடும். யார் வந்து கெஞ்சினாலும் போட்ட குறியை அழித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் கண் மாறவில்லை. காந்தி மார்க்கெட்டில் நான் கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், "என்ன, ரயிலுக்கா மாட்டப் போறீங்க?" என்று என் மனைவி கேட்பாள்.

எங்கள் வீடு திருவானைக்காவலில். வீடு கட்டிய வருடம் கொல்லையில் அவள் ஒரு வேப்பங்கன்று நட்டாள். அது வளர்ந்து நெஞ்சு உயரத்தில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு புயலில் அந்தக் கவட்டையை ஒட்டியிருந்த கிளை முறிந்து, முறிந்த இடம் உளுத்து, கை நுழைகிற அளவுக்குப் பொந்து விழுந்தது. மத்தியானம் சமையல் முடிந்ததும் அவள் காக்காய்க்குச் சோறு வைப்பது அந்தப் பொந்தின் வாயில்தான். காக்காய் எடுத்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். வேலையில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஓய்வுக்குப் பிறகு தினமும்.

அந்த மரத்தை நான்தான் வெட்டினேன். வேர் பாத்ரூம் தரையைத் தூக்கிவிட்டது, உண்மை. எங்கள் மகளின் பிரசவத்துக்காக அவள் பெங்களூர் போயிருந்த நேரம் பார்த்து வெட்டினேன், அதுவும் உண்மை. முழங்கால் உயரத்துக்கு அடிமரம் மட்டும் மிஞ்சிய பிறகுதான் போனில் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் குழந்தை அழுதது. பிறகு "சரி" என்றாள்.

ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் அரை மணி நேரம் திட்டக்கூடியவள் அவள். ஊரிலிருந்து வந்தவள் மரத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. காக்காய்ச் சோற்றை எடுத்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு மாடிப்படி ஏறிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வந்தாள்.

"குடு, நான் கொண்டுபோய் வைக்கிறேன்."

"வேண்டாங்க, நான் பாத்துக்கிறேன்."

இறங்கி வந்து எனக்குப் பரிமாறுவாள். "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிடுறேன்" என்பாள். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை.

கொல்லையில் ஷெட் போட்டு ஒரு சின்ன மர லேத் வாங்கினேன். பொழுது போகத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவள் மரத்திலிருந்தே அவளுக்கு ஒரு கிண்ணம் கடைந்து கொடுத்தால் சமாதானமாகிவிடுவாள் என்பதுதான் என் கணக்கு. வெட்டிய துண்டுகள் ஷெட் ஓரத்தில் கிடந்தன. நேரான, கணு இல்லாத துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டேன். கவட்டைத் துண்டைப் பார்த்தேன்: பொந்து, உள்ளே மடங்கி வளர்ந்த பட்டை, குறுக்கே ஒரு விரிசல். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்தது. பெருக்கல் குறி போட்டு, விறகுக்கென்று சுவரோரம் தள்ளினேன்.

முதல் கிண்ணத்தை இரும்பைக் கடைவது போலக் கடைந்தேன். சுற்றிலும் ஆறு மில்லிமீட்டர் கனம், காலிப்பர் வைத்துப் பார்த்தால் மயிரிழை வித்தியாசம் கிடையாது. ஒரு வாரத்தில் அது முட்டை வடிவத்துக்குக் கோணிக்கொண்டது. பச்சை மரம் காயக் காயச் சுருங்கும் என்பது முப்பத்து மூன்று வருட அனுபவசாலிக்குத் தெரியவில்லை. இரும்பு ஒருநாளும் எனக்கு இப்படித் துரோகம் செய்ததில்லை என்று அந்தக் கிண்ணத்தையே திட்டினேன். மிச்சத் துண்டுகளைப் பல மாதம் நிழலில் காயப்போட்டு, இன்னொன்று கடைந்தேன். ஒரு குறை சொல்ல முடியாது. கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். கவிழ்த்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க. ஷோகேஸ்ல வைங்க."

அவ்வளவுதான். விருந்தாளி கொண்டுவந்த பழப் பையை வாங்கி வைப்பது போல அவ்வளவு மரியாதை.

அடுத்த வாரம் ஷெட்டைப் பெருக்கும்போது சுவரோரம் பார்த்தேன். கவட்டைத் துண்டு அங்கே இல்லை. தேடினால், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால், மழை படாத இடத்தில், ஒரு பழைய சாக்கு விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தது. என் சிவப்புக் குறியைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்து எடுத்திருந்தாள். லேசான ரோஸ் நிறம் மட்டும் மிச்சம் இருந்தது. நான் அங்கேயே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தத் துண்டை மொபெட்டின் முன்னால் வைத்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு மர அறுப்பு மில்லுக்குக் கொண்டுபோனேன். மில்காரர் விரலால் தட்டிப் பார்த்தார். "சார், இது அடுப்புக்குத்தான் ஆகும். லேத்துல ஏத்துனீங்கன்னா தெறிச்சு மூஞ்சியில வரும்" என்றார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். லேத்தில் மாட்டுகிற அளவுக்குப் பக்கங்களை மட்டும் அறுத்துக் கொடுக்கச் சொல்லி வாங்கி வந்தேன்.

இது உடைந்தால் வேறு துண்டு கிடையாது. நட்டு வளர்த்தால் எனக்கு வயது போதாது. வேகத்தை ஆகக் குறைவாக வைத்து உளியைத் தொட்டேன். கட்டை இருக்கிற பக்கம் சரசரவென்று சீவும், பொந்து சுற்றி வரும்போது ஒன்றுமில்லாமல் போகும், மறுபடி டக்கென்று இடிக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லேத்தை நிறுத்தி விரிசலைத் தடவிப் பார்த்தேன். மூன்றாம் நாள் பட்டைச் சில்லு ஒன்று பிய்ந்து பறந்து ஷெட் தகரத்தில் அடித்தது. சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தாள். நான் வேலை செய்யும்போது ஷெட்டுக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல. இந்த ஓட்டை மறையிற வரைக்கும் கடைஞ்சிட்டா பத்திரமா ஆயிடும்."

அவள் லேத்தில் மாட்டியிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது போயிட்டா அப்புறம் என்னங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விரிசலில் பசை விட்டு இரண்டு நாள் காயவைத்தேன். பிறகு பொந்தை அப்படியே விட்டு, அதைச் சுற்றித்தான் கடைந்தேன். வேலை இன்னும் கடினமானது. ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. அளவு பார்க்க முடியாத வேலை. கைதான் பார்க்க வேண்டும். கசப்பு வாசனையோடு சுருள் சுருளாக மரம் காலடியில் விழ, பட்டை மடங்கிய இடத்தில் கறுப்பும் சிவப்புமாக ரேகைகள் தெளிந்து வந்தன. உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவி, துணியால் தேய்த்ததும் பளபளவென்று ஆனது. ஒரு பக்க விளிம்பைப் பொந்து தின்றிருந்தது. ஷோகேஸில் வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் ஷோகேஸில் கவட்டைக் கிண்ணம் இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது. மிஞ்சியிருந்த அடிமரத்தின்மேல் என் கிண்ணம், அதில் நெய் விட்ட பருப்புச் சோறு. பக்கத்தில் அவள் நின்றுகொண்டு கா, கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏய், பாலிஷ் போயிடும்!" என்று பதறினேன்.

அவள் திரும்பினாள். "மரத்தையே வெட்டிட்டு, பாலிஷுக்கு இந்தக் குதி குதிக்கிறீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

ஒன்றரை வருடமாக நான் எதிர்பார்த்த திட்டு. பிளம்பர் மரத்தை எடுக்கச் சொன்னது, தரை தூக்கியது என்று நிறைய பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவே."

"ஆமா, சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல. கேட்டிருக்கணும்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மதில்மேலிருந்து ஒரு காக்காய் இறங்கி, விளிம்பில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கிண்ணத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தது. இன்ஸ்பெக்‌ஷனில் நானும் அப்படித்தான் பார்ப்பேன். பிறகு பொந்து வழியாக அலகை நுழைத்து ஒரு கவளம் எடுத்தது.

"காக்கா எடுத்துருச்சு" என்றாள் அவள். "கைய கழுவிட்டு வாங்க. ரெண்டு தட்டு எடுத்து வைக்கிறேன்."