அப்பாவின் வியாற்றிக்கம்

கிணிங்... கிணிங்...

அந்தக் காலத்தில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குள் அந்தக் கைமணி கேட்டால், அடுப்பில் கறி அடிப்பிடித்தாலும் விட்டுவிட்டு வாசலில் முழந்தாளிடுவோம். நற்கருணை அப்பத்தை நெஞ்சோடு அணைத்தபடி எங்கள் கத்தோலிக்கக் கோயில் சுவாமி சாகக் கிடக்கிற யாரிடமோ போகிறார் என்று அர்த்தம். மூலைக்கடை முஸ்லிம் நானாகூட எழுந்து நிற்பார்.

போன கிழமை வெள்ளவத்தையில் பேத்தி ஆங்கிலப் புத்தகத்தோடு வந்தாள். "அம்மம்மா, வியாற்றிக்கம் எண்டொரு சொல்லு. இப்ப ஒருத்தரும் பாவிக்கிறேல்லையாம்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்தச் சொல் எங்கள் வீட்டுக்கே வந்த சொல்...

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர் எழும்பவில்லை. "பிலோ, சுவாமிக்குச் சொன்னியா?" என்று என்னையே கேட்டபடி கிடந்தார்.

மாமி விடவில்லை. அப்பாவின் அக்கா. அவள் முன்னால் அம்மாவுக்கே வாய் திறக்காது.

"சுவாமியைக் கண்டா தம்பி பயத்திலயே செத்திடுவான். பேசாம இரடி!"

எங்கள் ஆட்களுக்கு இந்தப் பைத்தியம் உண்டு. கடைசி மூச்சு வரும்வரை சுவாமியைக் கூப்பிட மாட்டார்கள். பிறகு விழுங்க முடியாதவருக்கு நற்கருணை எப்படிக் கொடுப்பது?

பின்கதவால் கோயிலுக்கு ஓடினேன். வெறுங்காலோடு.

சுவாமி வந்து அப்பா பக்கத்தில் இருந்தார். "பயமா, மகன்?"

"இல்லை சுவாமி. பசி மாதிரி இருக்கு."

"இதுக்குப் பேர் வியாற்றிக்கம். லத்தீனில வியா எண்டா வழி. அந்தக் காலத்து ரோமாபுரியில தூரப் பயணம் போறவனுக்குச் சாப்பாடு, உடுப்பு எல்லாம் குடுத்து அனுப்புவினம். அந்தச் சொல்லைத்தான் எங்கட கோயிலும் எடுத்தது."

அப்பா சிரித்தார். "அப்ப, கட்டுச்சோறு எண்டு சொல்லுங்கோ!"

வாங்கி விழுங்கினார். அன்று பின்னேரமே போய்விட்டார். கட்டுச்சோற்றோடு, பயமில்லாமல் புறப்பட்ட மனிசன், என் அப்பா.

செத்த வீட்டிலேயே மாமி எனக்கு அறைந்தாள். "நீதானடி அவனைச் சாகடிச்சனீ!" அதற்குப் பிறகு அவள் வாசலை நான் மிதிக்கவில்லை. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மன்னிக்கச் சொல்லி இந்தப் பதிவுக்குக் கீழே யாரும் கொமெண்ட் போட வேண்டாம்.

இப்போது சுவாமி த்ரீவீலரில் வந்து, லிஃப்டில் ஏறி இறங்கிப் போகிறார். பக்கத்து வீட்டுக்கே தெரியாது. பல வீடுகளில் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்ட பிறகுதான் அவர் ஞாபகமே வருகிறது...

என் பிள்ளைகளிடம் கண்டிப்பாய்ச் சொல்லி வைத்திருக்கிறேன்: "எனக்கு விழுங்க ஏலுமான நேரத்தில கூப்பிடுங்கோ. பயப்படுறவை வெளியில நில்லுங்கோ."