நாற்பது அடி நகர்ந்த தேன்பெட்டி

எங்கள் கொல்லயில் ஊரில் லீலாபாய்க்கு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கியவர் யாரும் கிடையாது. நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசில் முப்பது வருடம் வேலை. முப்பது வருடமும் வண்டி நிற்பதற்குள் குதித்தவர். அப்படிப்பட்டவரிடம் தேனீப் பெட்டியை நகர்த்தச் சொன்னால் என்ன ஆகும்?

பெட்டி லீலாபாய் வீட்டுக் கிழக்கு மதிலோரம் இருந்தது. மதிலுக்கு அப்பால் சத்யபாமாவின் வீடு. அவர் மகள் ஆர்யாவுக்குக் கல்யாண நிச்சயம். பந்தல் மதிலை ஒட்டியே வரப்போகிறது.

“லீலாக்கா, இருவது நாளுதான் உண்டு. மாப்பிள வீட்டுக்காரங்களக் குத்திச்சுன்னா எனக்க பிள்ளைக்க காரியம் என்னாவும்?”

“நீ பேடிக்காத மக்கா, நான் மாத்தி வைக்கேன்.”

மாற்ற வேண்டியது மேற்கே, நாற்பது அடியில் நிற்கும் பலாமரத்தடிக்கு. ஆரியங்கோட்டில் தேனீ வளர்க்கும் தங்கை ரெஜிலா போனில் சொன்னாள்: “ஒரு நாளைக்கு ஒரு அடியாக்கும் நீக்கி வைக்கணும் அக்கா. இல்லேன்னா ஈ பழைய எடத்துக்கே வரும்.”

“அப்போ நாப்பது நாளு ஆவுமே!”

அன்று அந்தியிலேயே பெட்டியைத் தூக்கிப் பலாமரத்தடியில் வைத்துவிட்டார். மறுநாள் காலையில் பறந்துபோன ஈக்கள் எல்லாம் பழைய மூலைக்கு வந்து, இல்லாத பெட்டியைத் தேடிச் சுற்றின. லீலாபாய் ஓடிப்போய் அங்கே ஒரு காலிப் பெட்டியை வைத்தார். சோர்ந்த ஈக்கள் அதில் ஏறின. சாயங்காலம் அவற்றைக் கூட்டோடு சேர்த்து, வாசலை வலைத்துணியால் அடைத்து, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு ஆரியங்கோட்டுக்குப் போனார். அவ்வளவு தூரத்தில் கொஞ்ச நாள் கிடந்தால் ஈக்களுக்குப் பழைய இடம் மறந்துபோகும்.

“நாப்பது அடி மாத்த எத்தன பஞ்சாயத்து தாண்டியாச்சு!” ரெஜிலாவுக்குச் சிரித்து மாளவில்லை.

நிச்சயம் முடிந்தபின் கொண்டுவந்தால் போதும் என்று லீலாபாய் நிம்மதியாக இருந்தார். நிச்சயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, ரெஜிலா போனில் கூப்பிட்டாள். மழை ஓய்ந்த சமயம், பூ குறைவு. “அக்கா, எனக்க பெட்டியில உள்ள ஈ ஒனக்க கூட்டுல தேன் களவெடுக்குது. இன்னிக்கே கொண்டு போ. இல்லேன்னா கூடு தீந்துரும்.”

விட்டால் கூடு அழியும். கொண்டுவந்தால் ஆர்யாவின் நிச்சயம் என்ன ஆகுமோ. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் ஜெபித்தார், நடுநடுவே ரெஜிலாவைத் திட்டினார்.

ஞாயிறு காலை பலாமரத்தடியில் ஈக்கள் வெளியே வந்து, பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பறந்தன. எங்கே திரும்பும் என்று தெரியாமல் லீலாபாய்க்குக் காபி இறங்கவில்லை. பந்தலில் சத்யபாமா முன்வரிசைக்கு அழைத்தும் போகாமல் மதிலோர நாற்காலியில் உட்கார்ந்தார்.

மோதிரம் மாற்றும்போது லீலாபாய் கண்ணில் நீர் தாரையாக வழிந்தது. தூக்கி வளர்த்த பாசம் என்று பக்கத்திலிருந்தவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். லீலாபாய் ஆர்யாவைப் பார்க்கவே இல்லை, பெட்டி முன்பு இருந்த மதில் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு ஈ கூட இல்லை.