கன்னத்தில் விழுந்த சொட்டு மருந்து

"வீட்டில் ஆளுண்டோ?" என்று நெய்யாற்றின்கரை கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் மலையாளத்தில் கேட்டாள். இடது கண்ணில் புரை எடுத்து, கட்டுப் போட்டு என்னை உட்காரவைத்திருந்த நேரம். "உண்டு" என்றேன். என்னைக் கூட்டிவந்த ஆட்டோக்காரர் கதவருகே நின்றிருந்தார். அவரை என் தம்பி என்று நினைத்துக்கொண்டு, சொட்டு மருந்தை எப்படி ஊற்றுவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்த மனுஷனும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் திருத்தவில்லை. ஆள் இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதில் தொடங்கி அது எங்கெங்கோ போகும். இந்த வயதில் அதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

பாறசாலையிலிருந்து வெள்ளறடை போகும் வழியில், ரப்பர் தோட்டத்தை ஒட்டியிருக்கிறது என் வீடு. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பரப்பு இழுவிசைப் பாடம் வந்தால் குழாய் முனையில் தொங்கும் ஒரு சொட்டைக் கரும்பலகையில் பெரிதாக வரைவேன். நீரின் மேற்பரப்பு மெல்லிய தோல் மாதிரி அதை இழுத்துப் பிடித்திருக்கிறது. சொட்டு பருத்து, அதன் எடை அந்தப் பிடியை மீறும்போது கழுத்து மெலிந்து அறுந்து விழுகிறது. அதனால்தான் ஒரே முனையிலிருந்து விழும் சொட்டுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன. இவ்வளவும் தெரிந்தவளுக்குச் சொந்தக் கண்ணில் ஒரு சொட்டு ஊற்ற முடியாதா என்று எனக்குத் திமிர் இருந்தது.

முடியவில்லை. கட்டைப் பிரித்த நாளில், கட்டிலில் மல்லாந்து படுத்து, குப்பியைக் கண்ணுக்கு நேரே பிடித்து அமுக்கினேன். சொட்டு தொங்கியது. தொங்கிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் அமுக்கியபோது குப்பி நகர்ந்து, சொட்டு மூக்கில் விழுந்தது. அடுத்தது காதுக்குப் போனது. முனை கண்ணில் பட்டால் கிருமி ஏறும் என்று நர்ஸ் சொல்லியிருந்த பயத்தில் குப்பியை இன்னும் உயர்த்திப் பிடித்தேன். உயரம் கூடினால் சொட்டு வந்துசேரும் நேரமும் கூடும். அதற்குள் இமை மூடிவிடும். கிட்டத்தில் பிடித்தால் சொட்டு ஜெயிக்கும், தூரத்தில் பிடித்தால் இமை ஜெயிக்கும். என் வீட்டில் எல்லா வேளையும் இமைதான் ஜெயித்தது.

சில நாளில் கண் சிவந்து உறுத்தத் தொடங்கியது. எனக்குப் பயமாக இருந்தது. தனியாக இருக்கிறவளுக்குக் கண்ணும் போய்விட்டால் பிறகு என்ன மிச்சம்? பயமாக இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் இல்லாதது அந்தப் பயத்தைவிட மோசமாக இருந்தது.

அந்த நிலைமையில்தான் ஜாக்கெட் ஒன்றைப் பிரித்துத் தைக்கக் கொடுக்க, வளைவில் இருக்கும் தையல்கடைக்குப் போனேன். கடைக்காரி எங்கள் சபையைச் சேர்ந்தவள்தான். ஆனாலும் அளவு கொடுப்பதைத் தாண்டி அவளிடம் நான் பேசியதில்லை. அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். கன்னத்தில் மருந்து காய்ந்து வெள்ளைக் கோடாகக் கிடந்தது.

"டீச்சரே, ஆபரேஷன் கண்ணுக்கா, கன்னத்துக்கா?"

முந்தானையால் கன்னத்தைத் துடைத்தேன்.

"மருந்து ஆரு ஊத்துறது?"

"நானாக்கும்."

"இஞ்ச தாருங்க."

பையிலிருந்த குப்பியைக் கொடுத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து என்னை ஸ்டூலில் உட்காரவைத்தாள். மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, கீழ் இமையை விரலால் இழுத்தாள். "அனங்காம இருங்க. மேல பாருங்க." குளிர்ச்சியாக உள்ளே இறங்கியது. ஒன்றுக்கு இரண்டாக ஊற்றிவிட்டாள். கண் ஒரு சொட்டைத்தான் தாங்கும், மற்றது வழிந்து வீணாகும் என்று நான் சிடுசிடுத்தேன்.

"செரி டீச்சரே. நாளைக்கு ஒண்ணே ஒண்ணு ஊத்துறேன்."

"மத்தியானம் ஒரு வேளை உண்டு."

"அப்போ மத்தியானம் வாருங்க. நான் எங்க போறேன்?"

அதன்பிறகு வேளை தவறாமல் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், செருப்புகள் கிடக்கும் வாசலிலேயே என்னை நிறுத்தி ஊற்றினாள். சொட்டு ஏன் தொங்குகிறது, எப்போது அறுந்து விழுகிறது என்று அவளுக்கு விளக்கினேன். வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு "ம்" கொட்டினாள், ஒரு வார்த்தையும் காதில் வாங்கவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான் கேட்டார்கள். அவள் கையில் மிஷின் எண்ணெய் வாசம் லேசாக அடிக்கும். டாக்டர், நர்ஸுகளைத் தவிர, இவளுக்கு முன் என் முகத்தைக் கடைசியாகத் தொட்டது யார் என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனபோது கண்ணின்மேல் காற்றை ஊதி அழுத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, மருந்தை நிறுத்தலாம் என்றார் டாக்டர். "வேறு மருந்து ஒன்றும் வேண்டாமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வீட்டில் இருக்கும் ஆள் நன்றாகக் கவனித்திருக்கிறார் என்று நர்ஸ் மெச்சினாள். சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் தையல்கடையில் இறங்கி விஷயத்தைச் சொன்னேன். "நல்லதாச்சு டீச்சரே. இனி வெயில்ல அலைய வேண்டாமே" என்றாள், மிஷினை நிறுத்தாமல்.

ஒரு வாரம் வீட்டிலேயே இருந்தேன். பேப்பரை எழுத்து விடாமல் படித்தேன். கண் தெளிவாகத்தான் தெரிந்தது. மத்தியான வேளை ஆனதும் கால் தானாகக் கேட் வரைக்கும் போய்த் திரும்பியது. அடுத்த வாரம் பாறசாலைக்குப் போய், கண் உலர்ந்தால் ஊற்றுகிற சாதாரண மருந்து ஒரு குப்பி வாங்கினேன். நேராகத் தையல்கடைக்குப் போனேன்.

"நிறுத்தியாச்சுன்னு சொன்னியளே?" என்றாள்.

"கண்ணு உலருது."

மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் கிடந்த நூலைத் தட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து குப்பியைத் திறந்தாள்.

"எந்தக் கண்ணுக்கு?"

"ரெண்டுக்கும்" என்றேன்.